கட்டத்தில் அடங்காத பயறு

விதை வங்கிக் கட்டடத்தில் நாற்பத்தொரு பேர் செத்துவிட்டார்கள் என்ற சேதி திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு எதிரிலிருக்கும் டீக்கடைக்கு வந்து சேர்ந்தது. பதினொரு மணிக்குள் காரணமும் வந்து சேர்ந்தது: குளிர் அறையில் ஏதோ வாயு கசிந்ததாம். பதினொன்றரைக்கு ஒரு பார்சல் வண்டிக்காரர், துணி போட்டு மூடி இரண்டு பேரை வெளியே தூக்கிக்கொண்டு போனதைத் தன் கண்ணாலேயே பார்த்ததாகச் சொன்னார். அந்தக் கட்டடத்தில் வேலை பார்ப்பவர்களே மொத்தம் பதினேழு பேர்தான் என்பது யாருக்கும் உறுத்தவில்லை. வதந்திக்குக் கூட்டல் மட்டும்தான் தெரியும்.

இதை விசாரிக்க அதிக தூரம் அலைய வேண்டியதில்லை, சாலையைக் கடந்தால் போதும். வாசலுக்கு உள்ளே, குடை மாட்டும் கம்பிக்குப் பக்கத்தில் அறிவிப்புப் பலகை. அதில் ஒரு தாள். 'உயிரற்றவை: 41. வெள்ளிக்கிழமை எரிக்கப்படும்' என்று இரண்டு வரி பெரிய எழுத்தில். மாடிப்படி துடைக்கும் அம்மா அந்த இரண்டு வரியைப் படித்த கையோடு துடைப்பத்தைப் போட்டுவிட்டு டீக்கடைக்கு ஓடியிருக்கிறார். மூன்றாவது வரியில் 'அலமாரி ஒன்பது, கறுப்புப் பயறு ரகங்கள்' என்றும், அதற்குக் கீழே பொட்டல எண்களும் இருந்தன. அதைப் படிக்க அவருக்குப் பொறுமை இல்லை. துணி போட்டுத் தூக்கிக்கொண்டு போனது பழுதான நகல் இயந்திரத்தை. செத்தது மனிதர்கள் இல்லை, பயறுப் பொட்டலங்கள்தான் என்று தெரிந்ததும் டீக்கடையில் ஆறுதலைவிட ஏமாற்றம்தான் அதிகம் தெரிந்தது. பார்சல் வண்டிக்காரர் மட்டும் தாம் பார்த்தது பார்த்ததுதான் என்று கடைசிவரை சாதித்தார்.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் அந்தத் தாள் சொன்னதாவது உண்மையா என்று முதல் மாடி வரை ஏறி விசாரித்தால், அங்கே இருந்தது டீக்கடை வதந்தியைவிடப் பெரிய வதந்தி. அது தட்டச்சு செய்து, முத்திரை குத்தி, மேலிடத்துக்கு ஒரு நகல் போட்ட வதந்தி. அந்த நாற்பத்தொன்றும் சாகவில்லை. அது தெரிந்த ஒரே ஆள் எண்ணிக்கை அக்கா. செத்துவிட்டதாக எழுதிக் கையெழுத்துப் போட்டவரும் எண்ணிக்கை அக்காதான்.

எண்ணிக்கை அக்கா என்பது அலுவலகம் வைத்த பெயர். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் இருக்கிறது, அங்கேயே இருக்கட்டும். ஓய்வுக்கு இன்னும் பதினான்கு மாதம் பாக்கி. ஒல்லியான உடம்பு, தடித்த கண்ணாடி, கோட்டுப் பையில் எப்போதும் ஒரு இடுக்கி. பஸ் நிறுத்தத்திலிருந்து தன் மேஜைக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு அடி என்பது அவருக்குத் தெரியும். யாராவது தும்மினால் எத்தனாவது தும்மல் என்று சொல்லுவார். பார்க்கும் வேலை உடம்போடு ஒட்டிக்கொண்டுவிட்டது, அவ்வளவுதான்.

இருபத்தொன்பது வருடத்துக்கு முன்னால் வேலைக்கான கடிதம் வந்த அன்று, மருமகளுக்கு 'வங்கியில்' வேலை கிடைத்துவிட்டதாக மாமியார் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். அடுத்த வாரமே கடன் கேட்டு மூன்று பேர் வீட்டுக்கு வந்தார்கள். ஒருவருக்கு வண்டி வாங்க வேண்டும், ஒருவருக்குக் கூரை மாற்ற வேண்டும், மூன்றாமவர் காரணம் எதுவும் சொல்லவில்லை. இது விதை வங்கி, இங்கே பூட்டி வைப்பது கோதுமையும் சோளமும் பயறும்தான் என்று அக்கா விளக்கியபோது, அந்த மூன்றாமவர் நாற்காலியிலிருந்து எழுந்துகொண்டே கேட்டார்: "விதையைப் பூட்டி வெச்சு என்னம்மா பண்ணுவீங்க? நட்டாத்தானே விதை?"

அன்றைக்கு அக்காவுக்குப் பதில் தெரியவில்லை. தெரிந்துகொள்ளக் கொஞ்ச வருடம் ஆனது. ஒரு காலத்தில் ஒரே பயறில் நூற்றுக்கணக்கான ரகம் இருந்தது. சந்தை வந்து அதில் நாலைந்தைப் பொறுக்கி எடுத்தது: சீக்கிரம் காய்ப்பது, ஒரே அளவில் இருப்பது, மூட்டையில் அழகாக அடங்குவது. மிச்சமெல்லாம் குட்டை, கோணல், கசப்பு, சோம்பேறி என்று பெயர் வாங்கி வயலை விட்டு வெளியே வந்தன. வயல் முழுக்க ஒரே ரகம் நிற்கும்போது பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஒரு நோய் வந்தால் அதற்கும் நன்றாகத்தான் இருக்கும். ஒரு செடியைச் சாய்க்கத் தெரிந்துகொண்டால் போதும், மொத்த வயலும் அதன் வசம். அப்போது அந்த நோய்க்குத் தாக்குப்பிடிக்கிற குணம் எங்கே கிடைக்கும் என்று ஆள் தேடி வருவார்கள். அது அந்தக் கோணல்களில் எதிலோ ஒன்றில் இருக்கலாம். எதில் என்று முன்கூட்டி யாருக்கும் தெரியாது. தெரிந்தால் அதை மட்டும் ஒரு டப்பாவில் போட்டு வைத்துவிட்டு மிச்சத்தைத் தூக்கிப் போட்டுவிடலாம். தெரியாததால்தான் பன்னிரண்டாயிரம் பொட்டலம், மைனஸ் பதினெட்டு டிகிரி, கனத்த கதவு, மாதா மாதம் மின்கட்டணம்.

இதில் அக்காவின் வேலை, உறங்குகிறவர்களுக்கு உயிர் இருக்கிறதா என்று பார்ப்பது. பஞ்சு அடைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு குளிர் அறைக்குள் போய்ப் பொட்டலத்தை எடுத்து வருவார். உடனே பிரிக்கக் கூடாது, வெளிக்காற்றின் ஈரம் விதைமேல் படிந்துவிடும். ஒரு நாள் வெளியே வைத்து, அறைச் சூட்டுக்கு வந்த பிறகு பிரிக்க வேண்டும். நூறு விதையை எண்ணி எடுத்து, ஈர ஒற்றுத்தாளில் வரிசைக்கு இருபத்தைந்தாக நாலு வரிசை அடுக்கி, பெட்டிக்குள் வைத்துவிடுவார். ஏழாம் நாள் எண்ணிக்கை. படிவத்தில் இரண்டு கட்டம்: முளைத்தவை, முளைக்காதவை. இரண்டையும் கூட்டினால் நூறு வர வேண்டும். கீழே கையெழுத்து.

மற்ற பயிர்களில் இது ஒழுங்காகத்தான் நடந்தது. அலமாரி ஒன்பதில் இருந்த கறுப்புப் பயறுதான் பேச்சுக் கேட்காது. நூறில் முப்பத்துநாலு முளைக்கும். எட்டு அழுகியிருக்கும், இடுக்கியால் தொட்டாலே கொழகொழவென்று நசுங்கும். மிச்சம் ஐம்பத்தெட்டு ஏழு நாள் தண்ணீரில் கிடந்தும் உப்பாது, பிளக்காது, நிறம் மாறாது. இடுக்கியால் அமுக்கினால் கல்லை அமுக்குவதுபோல இருக்கும், சில சமயம் துள்ளி மேஜைக்கு அடியில் ஓடிவிடும். செத்த விதை துள்ளாது. அது தோல் தடித்த விதை. தண்ணீரை உள்ளே விடாமல் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கும். ஒரு மழையை நம்பி முளைத்துவிட்டு அடுத்த மாதம் காய்ந்துபோகிற அவசரக்காரன் இல்லை, இரண்டு வருடம் பொறுத்து எழுந்திருக்கிற ஜாதி. தோலில் ஒரு சின்னக் கீறல் போட்டால் மூன்றே நாளில் எட்டிப் பார்க்கும்.

இதெல்லாம் அக்காவின் விரலுக்குத் தெரியும். சேர்ந்த இரண்டாவது வருடமே தெரியும். ஆனால் படிவத்தில் தூங்குகிறவர்களுக்குக் கட்டம் இல்லை. முளைத்ததில் போட முடியாது, முளைக்கவில்லையே. ஆகவே ஐம்பத்தெட்டையும் எட்டையும் கூட்டி, முளைக்காதவை அறுபத்தாறு என்று எழுதுவார். பொய் இல்லை. முளைக்காதது முளைக்காததுதானே. கூட்டினால் நூறு வந்தது. அதன் பிறகு அந்தப் படிவத்தை அநேகமாக யாரும் திறந்து பார்க்காததால், அது உண்மையா இல்லையா என்ற கேள்விக்கே வேலை இல்லாமல் போனது. அலுவலகங்களில் பாதித் தவறுகள் இப்படித்தான் ஆயுசோடு இருக்கின்றன.

கெடுத்தது சிக்கன அதிகாரி. அவருக்கும் அது அலுவலகம் வைத்த பெயர்தான். செலவைக் குறைக்க மேலிடம் அனுப்பிய மனிதர். நல்ல மனிதர் என்றே சொல்ல வேண்டும், வந்த அன்றே தன் அறையில் ஒரு விளக்கை அணைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். இருபத்தொன்பது வருடப் படிவங்களையும் கணினியில் ஏற்றச் சொன்னார். ஏற்றி முடித்ததும், பாதிக்கும் கீழே முளைத்ததையெல்லாம் 'உயிரற்றவை' என்று தனியாகப் பிரிக்கச் சொன்னார். இன்னொரு நிபந்தனையும் வைத்தார்: பத்து வருடத்தில் யாராவது ஒருவர் கேட்டு வாங்கிய ரகமாக இருந்தால் விட்டுவிடலாம். கணினி அரை மணி நேரம் யோசித்துவிட்டு நாற்பத்தோரு எண்ணைத் துப்பியது. அத்தனையும் அலமாரி ஒன்பது. அத்தனைக்கும் கீழே ஒரே கையெழுத்து.

திங்கட்கிழமை டீக்கடை அல்லோலகல்லோலப்பட்டபோது அக்கா அந்தத் தாளின் முன்னால்தான் நின்றுகொண்டிருந்தார். நாற்பத்தோரு எண்ணையும் ஒன்றுவிடாமல் படித்தார். பிறகு முதல் தடவையாக, மேஜைக்குப் போகும்போது அடிகளை எண்ணவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டில் தட்டைப் போட்டுவிட்டுச் சாப்பாடு போட மறந்து உட்கார்ந்திருந்தார். புருஷன் தீயணைப்பு நிலையத்தில் வண்டி ஓட்டுகிறவர், அதிகம் பேசாத ஆள். காலித் தட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தானே எழுந்து இரண்டு பேருக்கும் பரிமாறினார். பிறகு என்ன என்று கேட்டார். அக்கா சொன்னார். கட்டம் இரண்டு, விதை மூன்று விதம் என்று விரலை மடக்கிச் சொன்னார்.

அவர் மெதுவாகச் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார். "உனக்குக் கையாலயே தெரிஞ்சிருக்கு இல்ல? அப்புறம் ஏன் எழுதல?"

"எழுத இடம் இல்லங்க. ரெண்டே கட்டம்."

"எங்க புஸ்தகத்துலயும்தான் ரெண்டு கட்டம். தீ, பொய் அழைப்பு. போய்ப் பார்த்தா வெறும் புகையா இருக்கும். அதுக்குக் கட்டம் கிடையாது."

"அப்ப என்ன பண்ணுவீங்க?"

"ஓரத்துல எழுதுவேன். 'புகை மட்டும்'னு. கட்டத்துக்கு வெளியில எவ்வளவு இடம் கிடக்கு."

குத்திக்காட்டுவதற்காக அவர் சொல்லவில்லை. சொல்லிவிட்டு ஊறுகாய் இருக்கிறதா என்று கேட்டார். அக்கா ஊறுகாய்க்குப் பதில் உப்பை எடுத்து வைத்தார். இருபத்தொன்பது வருடமாக அந்தப் படிவத்தின் நாலு பக்கமும் இரண்டு விரல் அகலத்துக்கு வெள்ளையாக இடம் கிடந்தது. அதில் எழுதக் கூடாது என்று யாரும் சொன்னதில்லை. கொஞ்ச நேரம் கழித்து, தன்னை நியாயப்படுத்திக்கொள்கிற மாதிரி, அந்தப் பயறை இப்போது யார் தின்கிறார்கள், யாருக்கு வேண்டும், ஒருவரும் கேட்டதில்லையே என்று முணுமுணுத்தார். புருஷன் தண்ணீரைக் குடித்துவிட்டு, போன வருடம் தன் வண்டி பதினொரு தடவைதான் வெளியே போனது என்றார். மிச்ச நாளெல்லாம் அதைக் கழுவித் துடைத்துக் காற்றடித்து வைத்ததுதான் வேலை. சம்பளம் அந்தப் பதினொரு நாளுக்கு மட்டும் வாங்கிக்கொள் என்று இதுவரை யாரும் சொல்லவில்லையாம். சொல்லாமல் இருந்தால் சரி என்று தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துபோனார்.

செவ்வாய்க்கிழமை காலை அக்கா இயக்குநரின் அறைக்குப் போனார். இயக்குநர் கெட்டவர் இல்லை. கூரை ஒழுகினால் பக்கெட்டை நகர்த்தி வைக்கிற மாதிரியான நல்லவர். அக்கா சொன்னதைக் கேட்டதும் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

அவர் சொன்னதன் சுருக்கம் இது. இந்த நாற்பத்தொன்று தப்பு என்று நாம் ஒப்புக்கொண்டால், மற்றவை சரி என்பதற்கு என்ன சாட்சி என்று கேட்பார்கள். பன்னிரண்டாயிரத்தையும் எண்ணியது ஒரே கை. ஒரு கையெழுத்து விழுந்தால் எல்லாக் கையெழுத்தும் விழும். மொத்தக் குளிர் அறைக்கும் பூட்டுப் போட மேலிடம் ஒரு காரணத்தைத் தேடிக்கொண்டிருக்கிறது, நாமே அதைத் தட்டில் வைத்துக் கொடுக்க வேண்டுமா? நாற்பத்தொன்றைக் கொடுத்து மிச்சத்தைக் காப்பாற்றிக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். கடைசியில் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஏம்மா, இன்னும் பதினாலு மாசம். ஒரு கெட்ட பேர் இல்லாம இருந்துட்டீங்க. அப்படியே கௌரவமா போயிடலாமே."

அவர் பேச்சில் தவறு கண்டுபிடிக்க அக்காவால் முடியவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. நாற்பத்தொன்றுக்காகப் பன்னிரண்டாயிரத்தைப் பணயம் வைப்பது நியாயமா? ஒரு நாள் முழுக்க விதை எண்ணும் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு, ஒன்றையும் எண்ணாமல் உட்கார்ந்திருந்தார். அந்த நாற்பத்தொன்றுக்காக அழப்போகிறவர் யாரும் இல்லை என்பது அவருக்குத் தெரியும். ஒரு வீட்டுச் சொத்து என்றால் பங்காளி நாலு பேர் சண்டைக்கு வருவான். இது எல்லாருக்கும் பொது. எல்லாருக்கும் பொது என்பதால் கேட்பாரில்லை. இன்னும் பிறக்காத யாரோ ஒரு விவசாயிக்கு இதில் பங்கு இருக்கலாம், ஆனால் பிறக்காதவன் எப்படி வெள்ளிக்கிழமைக்குள் மனு கொடுப்பான்?

மறுநாள் மதியம் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, தனக்கு எதிராகத் தானே ஒரு புகார் எழுதினார். ஒரு பக்கம்தான் வந்தது. இயக்குநர் வழியாக அனுப்ப வேண்டும் என்பது முறை. இயக்குநர் அதை இரண்டு தடவை படித்தார், கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு மூன்றாவது தடவை படிக்கப் பார்த்தார், முடியவில்லை. 'பார்த்தேன்' என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதற்கு ஆதரவு என்றும் பொருள் இல்லை, எதிர்ப்பு என்றும் பொருள் இல்லை. அவருடைய படிவத்திலும் கட்டங்கள் குறைவு.

வியாழக்கிழமை காலை சிக்கன அதிகாரி கூப்பிட்டனுப்பினார். விளக்கு ஒன்று அணைந்த அந்த அறையில் அவரும் அக்காவும் மட்டும்தான். இயக்குநருக்குத் திடீரென்று மாடியில் வேலை வந்துவிட்டது. அதிகாரி புகாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தனக்கு எதிராகத் தானே புகார் எழுதுகிறவர்களை அவர் பார்த்ததில்லை. இதில் என்ன சூழ்ச்சி இருக்கும் என்று தேடிக்கொண்டிருந்தார் போல.

இந்த ரகங்களைப் பத்து வருடத்தில் எத்தனை பேர் கேட்டார்கள் என்று முதலில் கேட்டார். ஒருவரும் இல்லை என்றார் அக்கா. இருபது வருடத்தில்? அப்போதும் இல்லை. பிறகு எதற்கு இந்த வம்பு என்றார் அதிகாரி. வேலையை விட்டுப் போகிற நேரத்தில் கையெழுத்தைக் கெடுத்துக்கொள்கிற அளவுக்கு இந்தப் பயறில் அப்படி என்ன இருக்கிறது?

"தெரியாது சார்," என்றார் அக்கா. "அதுதான் சார் விஷயம்."

அதிகாரி பேனாவை மூடினார்.

அக்கா தொடர்ந்தார். "பதினோரு வருஷம் முன்னாடி அலமாரி மாத்தினாங்க. இடம் பத்தல. மூணு பொட்டலத்தைக் கழிச்சாங்க. இதே அலமாரி, இதே கட்டம். முளைச்சது குறைச்சல்னு என் எண்ணிக்கையைப் பார்த்துத்தான் கழிச்சாங்க. நான் ஒண்ணும் சொல்லல. அந்த மூணும் கல்லு மாதிரி இருந்துச்சு சார், என் கையில நல்லா ஞாபகம் இருக்கு. அதுல என்ன இருந்துச்சுன்னு கேட்டா எனக்குத் தெரியாது. இனிமே யாருக்கும் தெரியாது. நல்லதாவே இல்லாம இருந்திருக்கலாம். ஆனா அதைக் கூடச் சொல்ல முடியாது இல்லையா?"

அதிகாரி வேறு பக்கமாக வந்தார். உயிர் இருக்கிறது என்பதற்கு ஆதாரம் வேண்டும். நாளைக்கு எரிக்கப் போகிறார்கள், சோதனைக்கு ஏழு நாள் ஆகும். சிக்கனம் என்று வந்த பிறகு தள்ளிப்போட்டுக்கொண்டே போக முடியாது. அக்கா பணிவாக ஒன்று கேட்டார்: இந்த நாற்பத்தோரு பொட்டலத்தை வெளியே எடுத்தால் குளிர் அறைக்கு எவ்வளவு மின்சாரம் மிச்சமாகும்? அதிகாரி ஒரு தாளை இழுத்துக் கணக்குப் போட ஆரம்பித்தார். அறை அதே அறை, இயந்திரம் அதே இயந்திரம், அலமாரியில் ஒரு தட்டு காலியாக இருக்கும், காலித் தட்டும் அதே குளிரில்தான் இருக்கும். பாதியில் கணக்கை நிறுத்திவிட்டு அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஒரு வாரம் தள்ளிவைப்பதில் பெரிய நஷ்டம் இல்லை என்றார்.

சோதனையை யார் செய்வது என்று அடுத்த சிக்கல். அக்கா செய்தால் அக்காவின் எண்ணிக்கையை யார் நம்புவது? அதற்கும் அக்காவே வழி சொன்னார். முந்தின நாளே வெளியே எடுத்துவைத்த ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்து, அவர் கண் முன்னாலேயே பிரித்து, பத்து விதையைக் கண்ணை மூடிக்கொண்டு அவரையே பொறுக்கச் சொன்னார். ஒவ்வொன்றின் தோலிலும் நகவெட்டியால் ஒரு சிறு கீறல். ஈரக் கைக்குட்டைத் தாளில் சுற்றி, மூடி போட்ட டப்பாவில் வைத்து, நீங்களே எடுத்துப் போய், தங்கியிருக்கிற விடுதி அறையில் வைத்துப் பாருங்கள் சார் என்றார். அதிகாரி தயங்கினார். தொட்டிலில் கிடக்கிற குழந்தையைத் தூக்கச் சொன்ன மாதிரி டப்பாவை வாங்கினார்.

சாயங்காலம் டப்பாவோடு கட்டட வாசல் வரை போனவரை அக்கா நிறுத்தினார். விதை கட்டடத்தை விட்டு வெளியே போவதென்றால் கடன் படிவம் எழுத வேண்டும். அது விதி. பெயர், பதவி, வாங்கிய எண்ணிக்கை, கையெழுத்து. அதிகாரி நின்றவாக்கிலேயே கையெழுத்துப் போட்டார். ஆறாவது விதியை அக்காதான் வாசித்துக் காட்டினார்: பத்து வாங்கினால் அடுத்த அறுவடைக்குள் இருபதாகத் திருப்ப வேண்டும். அதிகாரி முதல் தடவையாகச் சிரித்தார். இவ்வளவு வட்டி வாங்கும் வங்கியைத் தாம் தணிக்கையில்கூடப் பார்த்ததில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை காலை அக்காவின் மேஜைத் தொலைபேசி அடித்தது.

"ஒன்பது," என்றது அதிகாரியின் குரல், வணக்கம்கூட இல்லாமல்.

"பத்தாவது சார்?"

"அது போயிடுச்சு. கையால அமுக்கிப் பார்த்தேன். கொழகொழன்னு இருக்கு." டப்பாவை நகர்த்துகிற சத்தம் கேட்டது. "மத்ததெல்லாம் நேத்து ராத்திரி வரைக்கும் சும்மா கிடந்ததுங்க. காலையில பார்த்தா எல்லாம் வாலை நீட்டிக்கிட்டு இருக்கு. நான் மூடியை இறுக்கி மூடிட்டேனே, மூச்சு முட்டுமா?"

மூடியைக் கொஞ்சம் தளர்த்தி வையுங்கள் என்றார் அக்கா.

பலகையிலிருந்து அந்தத் தாள் புதன்கிழமை எடுக்கப்பட்டது. அதற்காக மேளதாளம் எதுவும் இல்லை. 'மறு ஆய்வுக்கு உட்பட்டது' என்று ஒரு சின்னத் தாள் அந்த இடத்துக்கு வந்தது. இயக்குநர் பயந்தபடி குளிர் அறைக்குப் பூட்டு விழவில்லை. ஆனால் அக்காவுக்கு விழ வேண்டியது விழுந்தது: தவறான பதிவுக்காக எழுத்துபூர்வமான கண்டிப்பு, ஒரு வருட ஊதிய உயர்வு நிறுத்தம். தோல் தடித்த விதைகள் இருக்கும் மற்ற அலமாரிகளையும் புதிதாக எண்ண வேண்டும் என்று உத்தரவு. மொத்தம் இரண்டாயிரத்து முந்நூறு பொட்டலம். வாரத்துக்கு முப்பது எண்ணினாலும் ஓய்வு பெறுவதற்குள் முடியாது. உத்தரவைப் படித்துவிட்டு அக்கா மனசுக்குள் வகுத்துப் பார்த்தார், மீதி வந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. படிவத்துக்கு மூன்றாவது கட்டம் கேட்டு எழுதிய கடிதம் இன்னும் மேலிடத்தில் இருக்கிறது. அதுவரை அக்கா ஓரத்தில் எழுதுகிறார். 'கல், 58. உயிர் உண்டு.' இடம் தாராளமாகப் போதுகிறது.

அடுத்த மாதம் கணினி புதிய பட்டியலைத் துப்பியபோது ஒரு வேடிக்கை நடந்தது. அதிகாரி பத்து விதை வாங்கிப்போன பொட்டலத்துக்கு எதிரில், பத்து வருடத்தில் கேட்டவர்கள் என்ற இடத்தில் பூஜ்யம் இல்லை, ஒன்று என்று இருந்தது. அதாவது சிக்கன அதிகாரியின் நிபந்தனைப்படியே, சிக்கன அதிகாரியின் கையெழுத்தால், அந்த ரகத்தை இன்னும் பத்து வருடத்துக்கு யாரும் தொட முடியாது. கடன் படிவத்தை நீட்டும்போதே இது தெரியுமா என்று கேட்டால் அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார். மற்ற நாற்பதுக்கு அந்த இடத்தில் இன்னும் பூஜ்யம்தான். அவை கேட்பதற்கு ஆளைத் தேடிக்கொண்டிருக்கின்றன. தீயணைப்பு நிலையத்திலிருந்து ஒருவர் வந்து, தமக்கு ஏதாவது ஒரு ரகத்தில் பத்து விதை கடனாக வேண்டும் என்று படிவம் எழுதிக் கொடுத்திருப்பதாக இயக்குநர் மென்று விழுங்கிச் சொல்கிறார். உறவு முறையை விசாரிக்க வேண்டியதில்லை என்று அவரே முடிவு செய்துவிட்டாராம்.

சிக்கன அதிகாரி வேறு துறைக்கு மாற்றலாகிப் போனார். அறுவடைக் கெடு முடிந்தது. இருபது விதை வரவில்லை. விதிப்படி அக்கா முதல் நினைவூட்டல் அனுப்பினார், பதில் இல்லை. இரண்டாவதற்கும் இல்லை. மூன்றாவதற்குத் துறை முத்திரையோடு கடிதம் வந்தது. ஒன்பதில் நாலை நத்தை தின்றுவிட்டதென்றும், இரண்டு தம் அறையைக் கூட்டுகிறவர் களை என்று நினைத்துப் பிடுங்கிவிட்டாரென்றும், மீதி மூன்று பூவெடுத்திருப்பதாகவும், ஒரு பருவம் அவகாசம் தருமாறும் தட்டச்சு செய்திருந்தது. அடியில் பேனாவால், கையெழுத்துக்கும் கீழே ஓரத்தில்: 'ஒரு செடியில் இலை மஞ்சளாகிறது. என்ன செய்யட்டும்?'

அக்கா அன்றே பதில் அனுப்பினார். தண்ணீரைக் குறைக்கவும், தொட்டிக்கு அடியில் துளை இருக்கிறதா என்று பார்க்கவும், அவகாசம் அளிக்கப்படுகிறது. பாக்கி: இருபது.